லூர்து அக்காவின் பெயர் இல்லாத அறிவிப்பு

லூர்து அக்கா இறந்த செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தது. பாக்கார் ஆராங்கில் ஒரு கடையின் மாடியில் இருக்கும் குத்தகைக்காரர் ஆபிசில் நான் தட்டச்சு வேலை பார்த்தேன். தொலைபேசி அடித்தால் எடுப்பதற்கு எனக்கு எப்போதும் பயம். யாராவது வந்து எடுக்கமாட்டார்களா என்று பார்ப்பேன். அன்று காலை யாரும் இல்லை. வெகுநேரம் அடித்த பிறகுதான் எடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் மகள் பிலோ பேசினாள்.

“பவானியா? அம்மா போயிட்டாங்க. உங்க முதலாளிகிட்ட சொல்லிரு.”

முதலாளி வந்ததும் சொன்னேன். அவர் கையில் இருந்த தேத்தண்ணியைக் கீழே வைக்கவில்லை. “அடப் பாவமே, நல்ல பொம்பள. பூக்கடைக்குப் போன் போட்டு ஒரு மலர் வளையம் சொல்லிரு. பெருசா இருக்கட்டும்” என்றார்.

இன்று முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருக்கும் உங்களிடம் அக்காவைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்று பிலோ கேட்டாள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. எழுதித் தருகிறேன், நீ வாசி என்றேன். அவளிடம் முதலில் படிக்கக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். பிறகு, ஒரு வரியையும் விடாமல் வாசிக்கிறேன் என்றாள். அதனால் இதில் இருப்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துதான் உங்கள் காதுக்கு வருகிறது.

நான் மூன்றாம் படிவப் பரீட்சையில் தேறவில்லை. அதோடு பள்ளி நின்றது. பாடாங் செராயில் ஆறு மாதம் தட்டச்சு படித்துவிட்டு, பதினாறு வயதில் அந்த ஆபிசில் சேர்ந்தேன். தோட்டங்களில் பால் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். பழைய ரப்பர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றைப் பிரித்து எடுப்பதுதான் எங்கள் முதலாளியின் குத்தகை. கூரையெல்லாம் அஸ்பெஸ்டாஸ் தகடு. கொதிகலனிலும் நீராவிக் குழாய்களிலும் சூடு போகாமலிருக்கச் சுற்றிய வெள்ளைப் பூச்சும் அஸ்பெஸ்டாஸ்தான். நான்கு ஆண்கள் மேலே ஏறிக் கழற்றுவார்கள். ஏழு பெண்கள் கீழே நின்று வாங்குவார்கள், லோரியில் அடங்காததை உடைப்பார்கள், சுமப்பார்கள், கூட்டுவார்கள். அந்த ஏழு பேருக்கும் ஆபிசில் பெயர் கிடையாது. ‘கூட்டுற செட்டு’ என்றுதான் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மாணிக்கம் அண்ணன் சொல்வார்.

சனிக்கிழமை தோறும் அடுத்த வாரம் எந்தத் தோட்டம் என்று கேட்பதற்குக் கூட்டுற செட்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும். ஆபிசுக்குள் வரமாட்டார்கள். லூர்து அக்கா மட்டும் செருப்போடு உள்ளே வந்து, முதலாளியின் மின்விசிறிக்கு நேராக நின்று முந்தானையை உதறுவார். நான் சேர்ந்த முதல் வாரத்தில் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மண்டோரிடம் கேட்டார்: “மாணிக்கண்ணே, இந்தப் பொண்ணு பேசுமா, இல்ல மெஷினு மட்டுந்தான் பேசுமா?”

“பேசும் லா. நீ வாய மூடினா மத்தவங்களுக்கும் பேச எடம் கெடைக்கும்.”

“நான் மூடிருவேன். அப்புறம் உன் பொண்டாட்டி கேக்குற கேள்விக்கெல்லாம் நீயே பதில் சொல்லு.”

படிக்கட்டு முழுவதும் சிரித்தது. மண்டோரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்ததை மறைக்கத் தாளை மெஷினில் செருகினேன். தலைகீழாகச் செருகியிருந்தேன். அதையும் அக்கா பார்த்துவிட்டார். ஆனால் சொல்லவில்லை.

அவர் வேலை செய்வதை நான் ஒரே ஒரு முறைதான் நேரில் பார்த்தேன். பாடாங் மேஹா பக்கம் எங்கள் வீட்டுக்கு அருகிலேயே ஓர் ஆலையைப் பிரித்தார்கள். மண்டோரிடம் ஒரு கடிதம் கொடுக்கப் போனேன். அக்கா ஒரு தகட்டைக் காலால் மிதித்து இரண்டாக்கிக்கொண்டிருந்தார். உடைந்த இடத்திலிருந்து புகைபோல் வெள்ளைத் தூசி எழுந்தது. ஏழு பேரின் புருவமும் வெள்ளையாக இருந்தது. “என்ன பாக்குற? பவுடர் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்குப் போறோம். நீயும் வரியா?” என்றார். தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து என் முன்னாலேயே உதறினார். அந்தத் துண்டில்தான் மதியச் சோற்றுப் பாத்திரத்தை முடிந்து கொண்டுபோவார். அந்தத் துண்டைத்தான் வீட்டில் பிலோ கையால் துவைப்பாள்.

உடையாமல் இறங்கும் நல்ல தகடுகளை முதலாளி தோட்டத்து மக்களுக்குச் சும்மா கொடுத்தார். அதற்கு வரிசையே நிற்கும். சமையலறைச் சுவருக்கு, ஆட்டுக் கொட்டகைக்கு, கழிவறைக் கதவுக்கு. தீப்பிடிக்காது என்று குழாயிலிருந்து உரித்த வெள்ளைப் பூச்சைத் தண்ணீரில் குழைத்து அடுப்பைச் சுற்றிப் பூசினார்கள். ‘தங்கமான மனுசன்’ என்று அவருக்குப் பெயர். எங்கள் வீட்டுச் சமையலறையிலும் நான்கு தகடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் சுண்ணாம்பு பிடிக்க வேண்டும் என்பதற்காக, தேங்காய் நாரால் அவற்றைப் பரபரவென்று தேய்ப்பது என் வேலை. தூசி கண்ணில் விழாமலிருக்கக் கண்ணை மூடிக்கொள்வேன். மூக்கை மூடிக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியவர்கள் சொல்லியிருந்தார்கள். அது எங்கள் ஆபிசுக்கும் வந்தது. அஸ்பெஸ்டாஸ் வேலைக்கு அரசாங்கம் புதிதாகச் சட்டம் போட்டிருந்தது. ஒருநாள் முதலாளி ஒரு சிறு புத்தகத்தை என் மேசையில் வைத்து, “இதுல கேட்டிருக்கிற மாதிரி அறிவிப்பு ஒண்ணு அடி. இது அனுப்பாம இனிமே தோட்டத்துல வேல குடுக்கமாட்டாங்களாம்” என்றார். மலாயில் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். வேலை தொடங்குமுன் தொழிற்சாலைகளைக் கவனிக்கும் அரசாங்க இலாகாவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எந்த இடம், எந்த நாள், எவ்வளவு தகடு, யார் யார் அதில் வேலை செய்கிறார்கள் என்று எழுத வேண்டும். வேலை செய்பவர்களுக்கு முகமூடி வேண்டும். தூசி எழாமல் நனைத்து எடுக்க வேண்டும். உடைந்ததைப் பையில் கட்டி, ஆபத்து என்று எழுதி ஒட்ட வேண்டும். தூசி பட்ட துணி வீட்டுக்குப் போகக் கூடாது. வேலை செய்பவர்களை டாக்டர் பார்க்க வேண்டும். நெஞ்சைப் படம் எடுக்க வேண்டும். இவ்வளவும் அதில் இருந்தது. ஏன் என்பதும் இருந்தது. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய்த் தங்கி, பல வருடம் கழித்து ஆளைக் கொல்லும்.

முதலாளி பெயர்களைச் சொன்னார், அடித்தேன். நான்கு ஆண்கள். அதோடு நிறுத்திவிட்டார்.

“பொம்பளைங்க பேரு, முதலாளி?” அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன்.

“அவங்க கூட்டுறவங்க. கழட்டுறவங்கதான் இதுல வருவாங்க.”

“வேலை செய்றவங்க எல்லாரும்னு போட்டிருக்கு.”

“போட்டிருக்கும் லா. பதினோரு பேரு எழுதினா பதினோரு முகமூடி, பதினோரு டாக்டர் சீட்டு. நாலுன்னு அடி.”

நாலு என்று அடித்தேன்.

இலாகாவிலிருந்து, அறிவிப்பு கிடைத்தது என்று ஒரு பதில் கடிதம் வந்தது. அவ்வளவுதான் அதில் இருந்தது. முதலாளி அதைக் கண்ணாடி போட்டு, லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். தோட்டத்து மேனேஜர்கள் வந்தால் அதைக் காட்டி, “எங்ககிட்ட லைசென்ஸ் இருக்கு” என்பார்.

மண்டோர் புது முகமூடி மாட்டிக்கொண்டு கூரைமேல் நிற்பதைப் பார்த்ததும் அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை படிக்கட்டில் என்னை நிறுத்தினார். “அந்தாளு மூஞ்சிய மூடுற அளவுக்கு அழகு இல்லயே. என்ன விசயம், சொல்லு” என்றார். நான் சொன்னேன். காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து கேட்டார். கேட்டுவிட்டு நேராக உள்ளே போனார்.

“முதலாளி, எங்க பேர எழுதுங்க.”

“எதுக்கு லூர்து? எழுதினா ஆஸ்பத்திரிக்குப் போகணும், படம் எடுக்கணும். நெஞ்சுல ஏதோ இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டான்னா வேல போயிரும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“பேரு இல்லாம வேல செய்ய நான் என்ன பேயா?”

முதலாளி சிரித்தார். அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். வெளியே வந்தால் படிக்கட்டில் அதைவிடப் பெரிய சண்டை. கூட்டுற செட்டில் இரண்டு பேர் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். “நீ போயி உன் நெஞ்சக் காட்டு. எங்க வயித்துல ஏன் அடிக்கிற?” என்று கேட்டது யார் என்று உங்களுக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன். அவர்கள் பயந்ததில் தப்பில்லை. வேலை செய்பவரைக் காப்பாற்ற வந்த சட்டத்தைக் காட்டி, வேலை செய்பவரையே பயமுறுத்தியவர்மேல்தான் தப்பு.

அக்கா ஒரு வாரம் விட்டார். என்ன சொன்னாரோ, எப்படிச் சிரிக்கவைத்தாரோ, அடுத்த சனிக்கிழமை மற்ற ஆறு பேரின் ஐ.சி. அடையாள அட்டைகளும் அவர் கையில் இருந்தன. முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் என் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்தார். பெயர், எண், தோட்டம் என்று நான் அடித்தேன். “என்னுத கடைசில போடு. மொதல்ல போட்டா நான்தான் தூண்டிவிட்டேன்னு சொல்லுவாங்க” என்றார். ஏழாவதாக அவர் பெயரை அடித்தேன். அடுத்த ஆலைக்கு அறிவிப்பு போகும்போது அந்தத் தாளையும் உறையில் வைத்து அனுப்பிவிட வேண்டும். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

இனி நான் எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது.

அறிவிப்பை அடித்து முடித்தேன். ஏழு பெயர்த் தாளை அதன் பின்னால் மடித்து உறைக்குள் வைத்தேன். ஒட்டுவதற்குள் முதலாளி, “கொடு, ஒரு தடவ பாத்துர்றேன்” என்று கை நீட்டினார். மூக்குக் கண்ணாடியை எடுக்க அவர் திரும்பிய நேரத்தில் அந்தத் தாளை உருவி மடியில் போட்டுக்கொண்டேன். அவர் பார்த்தார், சரி என்றார், உறையைத் திருப்பித் தந்துவிட்டுக் கீழே இறங்கிப்போனார். ஆபிசில் நான் மட்டும்தான். தாள் மடியில் இருக்கிறது. உறை திறந்திருக்கிறது. திரும்ப வைத்திருக்கலாம். வைக்கவில்லை. உறையை ஒட்டித் தபாலில் போட்டேன். தாளை மேசையின் கீழ் இழுப்பறையில், கார்பன் தாள்களுக்கு அடியில் வைத்தேன்.

சனிக்கிழமை அக்கா கேட்டார், “போயிருச்சா?”

“போயிருச்சு, அக்கா.”

அவர் என் கன்னத்தைக் கிள்ளினார். அது இன்னும் எரிகிறது.

அறிவிப்பில் எழுதிய நாளில் இலாகா அதிகாரி அந்த ஆலைக்கு வந்தார். அவர் வருவது முதலாளிக்கு முன்பே தெரியும். கூட்டுற செட்டு மதியத்துக்குமேல் வந்தால் போதும் என்று மண்டோர் சொல்லியிருந்தார். அக்கா விடவில்லை. மற்ற ஆறு பேரையும் காலையிலேயே கூட்டிக்கொண்டு போய்த் தோட்டத்துத் திடலின் ஓரத்தில் உட்காரவைத்தார். அதிகாரி ஆலைக்குள் நான்கு பேரைப் பார்த்தார், நான்கு முகமூடியைப் பார்த்தார், கையில் இருந்த தாளில் நான்கு பெயரைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. திரும்பிப் போகும்போது அவருடைய காடி திடலைத் தாண்டியது. அக்கா எழுந்து கையைத் தூக்கினார். வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து அந்த மனிதரும் கையைத் தூக்கிவிட்டுப் போய்விட்டார்.

“அவரு பக்கத்து சீட்டுல பைலு இருந்துச்சு பவானி, நான் பாத்தேன். அதுல நம்ம பேரு இருக்கு. கூப்பிடுவாருன்னு நின்னேன். லிஸ்ட்ட படிக்கவே இல்ல போல, அந்தாளு.”

அக்கா என்னிடம் அதைச் சொல்லும்போது நான் அந்த இழுப்பறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து கூட்டுற செட்டு முழுவதும் அந்த அதிகாரியைத் திட்டியது. சம்பளம் வாங்குகிறவனுக்குக் கண் தெரியாதா என்று கேட்டது. அக்காவின் அடக்கத்தன்றுகூட நீங்கள் திட்டினீர்கள். நிறுத்துங்கள். அவரிடம் உங்கள் பெயர் போகவே இல்லை. என்னிடம்தான் இருந்தது.

அதன்பின் ஓராண்டுக்குள் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. எங்கள் ஆபிசின் பதினெட்டுப் படி ஏற இரண்டு முறை உட்காருவார். இருமலுக்கு மருந்து குடித்தார். காசநோய் என்று சொல்லி அதற்கும் மாத்திரை சாப்பிட்டார். சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போனபோது உட்கார்ந்தபடியே தூங்கினார், படுக்க முடியவில்லை. என்னைப் பார்த்ததும், “நெஞ்சுலேருந்து ரெண்டு போத்தல் தண்ணி எடுத்தாங்க. மீனு ஏதாச்சும் இருந்துச்சான்னு கேட்டேன். டாக்டரு சிரிக்கவே இல்ல” என்றார். நான் உண்மையைச் சொல்லத்தான் போனேன். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த டாக்டர், அக்கா என்ன வேலை செய்தார், எத்தனை வருடம் செய்தார் என்று கேட்டு எங்கள் ஆபிசுக்குக் கடிதம் எழுதினார். இருபது வயதில் ஒரு தோட்டத்து ஆலையில் கொதிகலன் பூச்சு உரிக்கத் தொடங்கியவர் அக்கா. எங்கள் முதலாளியிடம் மட்டும் பத்து வருடத்துக்கு மேல். முதலாளி பதில் சொல்ல, நான் அடித்தேன்: ‘மேற்கண்ட பெயரில் எங்களிடம் எவரும் வேலை செய்யவில்லை.’ அந்த வரியில் ஓர் எழுத்துக்கூடப் பிழை இல்லை. என் தட்டச்சு நன்றாக இருக்கும்.

அக்காவுக்கு வயது நாற்பத்து மூன்று. நோய் எதனால் வந்தது என்று ஆஸ்பத்திரியில் எழுதித் தரவில்லை. எழுதித் தருவதற்கு, அவர் செய்த வேலை எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அடக்கத்தன்று மலர் வளையம் வந்தது. முதலாளி சொன்னபடியே பெரிதாக இருந்தது. வீட்டு வாசலில் நிறுத்த இடம் இல்லாமல் வேலியில் சாய்த்து வைத்தார்கள். குறுக்கே ஊதா ரிப்பனில் தங்க நிறத்தில் எழுதியிருந்தது: ‘எங்கள் நிறுவனத்தின் விசுவாசமுள்ள ஊழியர் லூர்துமேரி.’ முதலாளி அதன் பக்கத்தில் கையைக் கட்டி நின்றார். உங்களில் சிலர் அவரிடம் போய், இவ்வளவு செய்கிறாரே என்று கண்ணீர் விட்டீர்கள். முதலாளி அவர்களே, நீங்கள் இன்று இங்கே வந்திருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தவரை ஊழியர் இல்லை, செத்த பிறகு ஊழியரா? பூக்கடைக்குச் சொல்லத் தெரிந்த பெயரை இலாகாவுக்குச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. உங்கள் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது லைசென்ஸ் இல்லை. நீங்கள் சொன்ன பொய் கிடைத்தது என்பதற்கான ரசீது. அந்தப் பொய்யை அடித்த கை என்னுடையது. அதற்கு நான் உங்கள்மேல் பழி போடமாட்டேன். உங்கள் பங்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடக்கம் முடிந்து வந்த திங்கட்கிழமை காலை முதலாளி வருவதற்கு முன் ஆபிசைத் திறந்தேன். ஏழு பெயர்த் தாளையும், ஆஸ்பத்திரிக்குப் போன கடிதத்தின் கார்பன் பிரதியையும் எடுத்துக்கொண்டேன். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, பஸ் ஏறி அலோர் ஸ்டாருக்குப் போனேன். இலாகா அலுவலகத்தில் முகப்பில் உட்கார்ந்திருந்தவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அரை மணி நேரம் பெஞ்சில் இருந்தேன். கடைசியில் அதே அதிகாரியிடம் அனுப்பினார்கள். தாளைப் படித்தார். முதல் தடவையாகப் படித்தார். “சியாப்பா தாய்ப் இனி?” இதை அடித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். இரண்டாவது தடவை கேட்டார், என் குரல் அவருக்கு எட்டவில்லை. “சாயா”, நான், என்று சத்தமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், திடலில் கை தூக்கிய பெண்ணைப் பற்றியும் சொன்னேன். அவருக்கு அந்தக் கை நினைவிருந்தது.

பிறகு பென்சிலை எடுத்து, இதில் இப்போதும் இருப்பவர்கள் யார் என்று கேட்டார். ஆறு பேர் என்றேன். ஏழாவது பெயரின்மேல் கோடு போடப் போனார். வேண்டாம் என்றேன். அரசாங்க அதிகாரியிடம் வேண்டாம் என்று சொன்னது நான்தான். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

முதலாளியிடம் விசாரணை நடக்கிறது. அது எதில் முடியும் என்று எனக்குத் தெரியாது. ஆறு பேருக்கும் நெஞ்சுப் படம் எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள், என்னிடம் இருக்கிறது. வேலை போய்விடும் என்று உங்களுக்குப் பயம் இருக்கும். போகலாம். என்னுடையது போய்விட்டது. என்மேல் கோபமும் இருக்கும். அது உங்களுக்கு உரியது, வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் சேலை ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பிலோ கேட்டாள். நான் எடுக்கவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. எனக்கு அது பிறவியில் கிடையாது; யாராவது அதட்டினால் குனிந்துகொள்கிறவள் நான். அவருக்கு இனி அது தேவைப்படாது என்பதால் எடுத்துக்கொண்டேன். வருகிற வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, பாடாங் செராய் பஸ் நிற்கும் இடத்தில் அந்தக் கடிதத்தோடு நிற்பேன். ஆறு பேரும் வாருங்கள். வராதவர் வீட்டுக்கு நானே வருவேன். வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி உங்கள் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன்.